வியாழக்கிழமை பதினொரு மணி

நான் விலைபோனவள் என்று என் ஊர் நான்கு நாள் நம்பியது. திங்கள் மதியத்திலிருந்து வியாழன் மதியம் வரை. அந்த நான்கு நாளை நான் யாருக்கும் மன்னிக்கப் போவதில்லை. கேட்டுவிட்டுப் பிறகு என்னைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

என் பெயர் துர்சுன். நகராட்சிக் குளியல் கூடத்தில் பெண்கள் பக்கம் முதுகு தேய்ப்பவள். இருபத்தாறு வருடமாக வியாழனும் சனியும் அங்கேதான். மேட்டுத் தெருக்களில் இன்றைக்கும் வெந்நீர்க் குழாய் கிடையாது. அதனால் பள்ளிக்கூட டீச்சரிலிருந்து சந்தையில் கேரட் விற்பவள் வரை என் கல்மேடையில் வந்து குப்புறப் படுத்தே ஆக வேண்டும். யாருக்கு எங்கே தழும்பு, யார் வயிற்றில் எத்தனை கீறல், எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றைக்கூட வெளியே சொன்னது கிடையாது. கல்மேடையில் பார்த்தது கல்மேடையோடு போச்சு. என் தொழிலுக்கு அந்த ஒரு சட்டம்தான்.

செப்டம்பரில் ஜுமாகதிர் என்னைத் தேடி வந்தான். 'நம்ம நகரம்' கட்சிக்கு எங்கள் ஊரில் அவன்தான் எல்லாம். கொதிகலன் அறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவ்வளவு பவ்யமாக நின்றான்.

"அக்கா, நகர மன்றத்துக்கு நீங்க நிக்கணும்."

"நான் நின்னுக்கிட்டேதான் இருக்கேன், இருபத்தாறு வருஷமா. கால் வீங்கிப் போச்சு."

"விளையாடாதீங்க அக்கா. பட்டியல்ல பத்துக்கு மூணு பேராவது பொம்பளைங்க இருக்கணும்னு சட்டம்."

"அப்படிச் சொல்லு. எண்ணிக்கைக்கு ஆள் தேடறே."

"ஐயோ, இல்லக்கா. ஊர்ல உங்களத் தெரியாத பொம்பள உண்டா? நீங்க சொன்னா போடுவாங்க."

"இந்தக் குளியல் கூடத்த வித்துடப் போறீங்கன்னு பேச்சு அடிபடுதே, அது என்ன?"

"உள்ள வந்து கையத் தூக்கித் தடுங்க. வெளிய நின்னு கத்தினா யார் கேக்கறாங்க?"

அவன் சொன்னதில் அந்த ஒரு வாக்கியம் உண்மை. அதில்தான் நான் விழுந்தேன். இந்தக் கூடம் போனால் மேட்டுத் தெருப் பெண்கள் குளிக்க எங்கே போவார்கள்? சரி என்றேன்.

கட்சி அலுவலகத்தில் பட்டியல்காரர்கள் எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். நடுவில் வட்ட ரொட்டிகள், வெண்ணெய், ஜாம், தேநீர். ஜுமாகதிரே ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். "இந்த ரொட்டி மேல சத்தியம், ஒருத்தருக்கொருத்தர் துரோகம் பண்ண மாட்டோம்" என்றான். பெரியவர் ஒருவர் ஆசி சொன்னார். எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டோம். அதற்குப் பிறகு காகிதக் கட்டு வந்தது.

எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்து, ஆசியும் வாங்கிய பிறகு, கொடுத்த காகிதத்தைத் தூக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தால், அது அந்த ரொட்டியின் மேல் துப்புவதற்குச் சமம். ஒருவர்கூடப் படிக்கவில்லை. "இங்க போடுங்கக்கா, இங்க, அப்புறம் இங்க" என்று ஒரு பெண் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போனாள். என் கண்ணாடி வீட்டில் இருந்தது. நீராவியில் மூடிக்கொள்கிறது என்று அதைக் கையோடு எடுத்துப் போகும் பழக்கமே எனக்கு இல்லை. பதினொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் எட்டாவதோ ஒன்பதாவதோ, 'என் இடத்தை நானே விரும்பி விட்டுக்கொடுக்கிறேன்' என்ற காகிதம். தேதி போடாதது. படித்த டாக்டர் ஒருவரும் இரண்டு வாத்தியார்களும்கூட அதே காகிதத்தில் போட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடையாது.

பட்டியலில் என் எண் பதினாலு. எங்கள் ஊர் வாக்குச்சீட்டில் இரண்டு குறி போட வேண்டும். ஒன்று கட்சிக்கு, இன்னொன்று அந்தக் கட்சியின் பட்டியலில் உனக்குப் பிடித்த ஆளின் எண்ணுக்கு. யார் எண்ணுக்கு அதிகக் குறியோ அவர்கள் மேலே ஏறுவார்கள். இதை நான் மேடை போட்டுச் சொல்லவில்லை. நீராவி மூடிய ஜன்னல் கண்ணாடியில் விரலால் சீட்டை வரைந்து காட்டினேன்.

"கட்சிக்கு மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்கடி. அப்புறம் அந்த ஓட்டு எவனுக்கோ போயிடும். ரெண்டாவது குறி பதினாலு. எத்தனை?"

"பதினாலு!" என்று வாளியில் தட்டினார்கள்.

ஸெய்னெப் மட்டும் எழுந்து வந்து முதுகைக் காட்டினாள். அவள்தான் அந்தக் கேரட்காரி. இருபது வருடச் சிநேகிதி. "எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி. பதினால என் முதுகுலயே எழுதி விடு. சாவடியில போய்ச் சட்டையத் தூக்கிக் காட்டிடறேன்" என்றாள். சிரித்துச் சிரித்து ஒரு கிழவிக்குப் புரையேறிவிட்டது.

நவம்பரில் ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. கட்சிக்கு ஆறு இடம் கிடைத்தது. எனக்கு அறுநூற்றுப் பதினோரு பேர் போட்டிருந்தார்கள். பட்டியலில் ஜுமாகதிரைவிட அதிகம். சனிக்கிழமை குளியல் கூடத்தில் வீட்டுக்கு வீடு பொரித்த மாவுருண்டை கொண்டுவந்து கொட்டினார்கள். ஸெய்னெப் என்னைக் கல்மேடையில் படுக்கவைத்து என் முதுகைத் தேய்த்தாள். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கல்லில் நான் படுத்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை தேர்தல் குழு அலுவலகக் கதவில் பட்டியல் ஒட்டினார்கள். அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு போயிருந்தேன். இரண்டு தடவை படித்தேன். துர்சுன் இல்லை. ஆறாவது பெயர் நூர்ஜமால், நாற்பத்தேழு ஓட்டு. ஜுமாகதிரின் மனைவிக்குத் தங்கை. பெண் ஒருத்தி விலகினால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெண்களின் இடத்தை ஆண்கள் சுருட்டக் கூடாது என்று போட்ட சட்டம். எவ்வளவு அழகாகச் சட்டத்தை மதித்திருக்கிறான், பாருங்கள்.

பின்னால் ஸெய்னெப் நின்றுகொண்டிருந்தாள். அவளும் படித்துவிட்டாள்.

"எவ்வளவுக்கு?" என்றாள்.

"என்ன எவ்வளவுக்கு?"

"இடத்த எவ்வளவுக்குக் குடுத்தேன்னு கேக்கறேன். ஊர்ல நடக்காததா? போன தடவ அந்த ஆடிட்டர் வித்துட்டுக் காரு வாங்கல?"

"ஸெய்னெப், வாயக் கழுவிட்டுப் பேசு."

"நான் எதுக்குடி கழுவணும்? தெருத்தெருவா உனக்காக நாயா அலைஞ்சேன். என் மருமக பிரசவ வலியோட வந்து பதினாலுக்குப் போட்டா. ஒரு வார்த்த சொல்லிட்டு வித்திருக்கலாம்ல?"

அவள் கையில் இருந்த கேரட் பையை என் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கென்று எடுத்துவந்த கேரட் அது. இடம் போனது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மன்றத்து நாற்காலி கிடக்கட்டும். அறுநூற்றுப் பதினோரு பெண்கள் இன்று என்னைப் பற்றி இதையேதான் பேசப் போகிறார்கள் என்பதுதான் உறைத்தது.

மறுநாள் காலை தேர்தல் குழுவில் போய், என் இடத்தைத் திருப்பிக் கேட்டு உட்கார்ந்தேன். குழுத் தலைவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"கையெழுத்து என்னுது. காகிதம் என்னுது இல்ல."

"அது எப்படிங்க?"

"கட்டோட கட்டா நீட்டினாங்க. செப்டம்பர்ல போட்டது."

"தேதி நவம்பர் இருக்கே. போன வியாழக்கிழமை." பெரிய நோட்டு ஒன்றைப் பிரித்தார். "வியாழக்கிழமை, பதினொரு மணி. பாஸ்போர்ட்டோட நீங்களே நேர்ல வந்து குடுத்ததா பதிவாகியிருக்கு. நேர்ல வந்து குடுத்தாத்தான் நாங்களே வாங்குவோம். நம்ம செயலாளர் எழுதியிருக்காங்க. என்ன அனார்கான்?"

மூலை மேசையில் அனார்கான் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, அதற்கு மேல் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தாள். நிமிராமல் "ஆமா" என்றாள்.

எனக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்கு நன்றாகத் தெரியும் என்றால் அது அவளுக்குத்தான். அன்று அவள் என் கல்மேடையில் குப்புறப் படுத்திருந்தாள்.

"அனார்கான், இங்க பாரு. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நீ..."

அவள் நிமிர்ந்தாள். கை தானாகக் கழுத்துக் கைக்குட்டைக்குப் போனது. என் வாய் அப்படியே நின்றுவிட்டது.

அந்த வியாழன் அவள் துண்டை எடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, திரைக்குப் பின்னால் இருக்கும் என் இடத்துக்கு வந்தவள். துண்டோடு முதுகு தேய்க்க நான் என்ன மந்திரவாதியா என்று எடுத்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை நீலம். பெல்ட்டின் கொக்கி பதிந்த இடங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. புதுசு, ஒரு நாள்கூட ஆகியிருக்காது. நான் ஒன்றும் கேட்கவில்லை. முதுகு தேய்க்கும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கையால் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

நான் இப்போது வாயைத் திறந்தால் தலைவர் அடுத்து என்ன கேட்பார்? வேலை நேரத்தில் எதற்கு அங்கே போனாய் என்பார். நீ வந்ததற்கு என்ன சாட்சி என்பார். அன்று அவளை நான் பார்த்தேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அவள் முதுகுதான். அதை இந்த மேசை மேல் எடுத்துப் போட வேண்டும். ஜுமாகதிரின் கார் ஓட்டுகிறவன் அவள் புருஷன். அவனும் வெளியே தாழ்வாரத்தில்தான் நின்றான்.

"சொல்லுங்கம்மா. பதினொரு மணிக்கு எங்க இருந்தீங்க?" என்றார் தலைவர்.

"குளியல் கூடத்துல. வேலையில."

"யார் பாத்தாங்க?"

"கூடத்துல இருந்த பொம்பளைங்க எல்லாரும்."

"எல்லாரும் உங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க. அந்த வியாழனா இந்த வியாழனான்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. பதிவுன்னு ஒண்ணு இருக்குதும்மா." நோட்டை மூடினார். "கோரிக்கை நிராகரிக்கப்படுது. வேணும்னா மூணு நாளைக்குள்ள கோர்ட்டுக்குப் போங்க."

வெளியே ஜுமாகதிர் சுவரில் சாய்ந்து நின்றான். தொப்பி தலையில் இருந்தது.

"அக்கா, எதுக்கு உடம்பக் கெடுத்துக்கறீங்க? ரொட்டி மேல சத்தியம் பண்ணிட்டுக் கட்சிய இழுத்துக்கிட்டு அலையலாமா?"

"அந்த ரொட்டி உனக்கு எப்படிடா தொண்டையில எறங்குச்சு?"

"பெரியவங்க. திட்டுங்க, வாங்கிக்கறேன்."

அவன் சிரித்தான். பக்கத்தில் நின்ற டிரைவரும் சிரித்தான். அந்தப் பயலின் கையை நான் பார்த்தேன். அறைய வேண்டும் போல இருந்தது. அறையாமல் வந்தேன். இன்றைக்கும் அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

வியாழக்கிழமை வழக்கம்போல ஏழு மணிக்குக் கூடத்தைத் திறந்தேன். பெண்கள் வந்தார்கள். குளிக்காமல் இருக்க முடியாதே. ஆனால் எல்லோர் கையிலும் சொந்தக் கையுறை. ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துக்கொண்டார்கள். நான் திரையைத் திறந்து வைத்துக் கல்மேடையைக் கழுவினேன். ஒருத்தியும் வரவில்லை. மறுபடி கழுவினேன். மேடையில் ஈரம் காயவிடாமல் பத்து மணி வரை அதையே செய்துகொண்டிருந்தேன். ஸெய்னெப் வந்தாள். என்னைத் தாண்டிப் போய்த் தூணோரமாக உட்கார்ந்து, டீச்சரம்மாவிடம் முதுகைக் காட்டினாள்.

டீச்சரம்மாவுக்குத் தேய்க்கவே தெரியாது. முட்டாள்தனமாக மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் இவர்கள் அழுக்கைத் தேய்த்தேனே, ஒருத்திக்காவது "துர்சுன் அப்படிச் செய்ய மாட்டாள்" என்று சொல்லத் தோன்றவில்லையா?

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. அனார்கான்.

திரைக்குப் பின்னால் போவாள் என்று நினைத்தேன். அவள் நடுக்கூடத்தில், எல்லோரும் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றாள். துண்டை உருவிப் பெஞ்சில் போட்டாள். ஒரு வாரம் ஆகியிருந்ததால் நீலம் மஞ்சளாகியிருந்தது. கொக்கித் தடம் மட்டும் போகவில்லை. வாளிச் சத்தம் நின்றது.

"போன வியாழக்கெழம இதே நேரம் நான் இங்கதான் இருந்தேன்" என்றாள். "துர்சுன் அக்கா எனக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தாங்க. அவங்க ஆபீசுக்கு வரவே இல்ல. அந்தக் காகிதத்த என் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். பதிவு பண்ணுன்னார். மாட்டேன்னேன். அதுக்குத்தான் இது. மத்தியானம் போய் எழுதிட்டேன்."

நான்தான் கத்தினேன். அணைத்துக்கொண்டேன், அழுதேன் என்றெல்லாம் நினைக்காதீர்கள்.

"செவ்வாக்கெழம சொல்ல வேண்டியதுதானேடி? நாலு நாளா என்னத் தெருவுல நாய் மாதிரிப் பாக்கறாங்க. நீ மூலையில உக்காந்து ஆமான்னு சொன்னியே!"

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா."

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"பதினொண்ணுன்னு எழுதினதே அதுக்குத்தான்." இப்போது அவளும் கத்தினாள். "ஒம்பதுன்னு எழுதியிருக்கலாம். மூணுன்னு எழுதியிருக்கலாம். நான் உங்க கல்லுல படுத்திருந்த நேரத்தத் தேடி எழுதினேன். இந்தம்மா வாய் சும்மா இருக்காது, ஒரே போடா போட்டு ஒடச்சிடும், அப்புறம் என்னக் கேப்பாங்க, நான் ஆமான்னு சொல்லிடலாம்னு இருந்தேன். நானா ஆரம்பிக்க எனக்குத் தைரியம் இல்ல. நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. ஏன்க்கா நிறுத்தினீங்க?"

இத்தனை வருடம் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட என் ஒரே சட்டம். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் வாயை மூடினேன். அவளோ அந்த வாயை நம்பித்தான் எழுதியிருக்கிறாள்.

"உன் முதுக எடுத்து அந்த ஆம்பளைங்க முன்னாடி வைக்க எனக்கு மனசு வரலடி" என்றேன் கடைசியில்.

"அத நானே வச்சுக்கறேன்" என்றாள். "நாளைக்குத்தான் கோர்ட்டுக்குக் கடைசி நாள். காகிதம் எடுத்துட்டு வந்திருக்கேன்."

உடை மாற்றும் பெஞ்சில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் காகிதத்தின் ஓரத்தை நனைத்தது. பெண்கள் சுற்றி நின்றார்கள். முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "கீழ நீங்களும் போடணும்க்கா."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்குக் கண்ணாடி இல்ல. வாசி."

வாசித்தாள். தன் பெயர், பதவி, தேதி, நேரம். நோட்டில் தான் எழுதியது பொய் என்பது. யார் எழுதச் சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பது. 'என் முதுகில் இருந்த காயங்களைத் துர்சுன் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை' என்ற இடத்தில் காகிதத்தின் ஈர ஓரத்தைத் துண்டால் ஒற்றினாள். பிறகு அதையும் முடித்தாள்.

"இன்னிக்கு வீட்டுக்குப் போகாதே" என்றேன். "நாளைக்கு என்கூடவே கோர்ட்டுக்கு வா. இனிமே எங்க தங்கறதுன்னு அப்புறம் பாக்கலாம்."

தலையாட்டினாள்.

ஸெய்னெப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது. என்னை நேராகப் பார்க்கவில்லை.

"துர்சுன், நான் ஒரு கழுத. எங்க போடணும், காட்டு. இவ சொன்னத என் காதால கேட்டேன்னு நான் போடறேன் கையெழுத்து. இங்க இருக்கற அத்தன பேரும் போடுவோம்."

பேனாவை எடுத்துக் குனிந்தாள். நான் அவள் புறங்கையில் பலமாக ஒரு போடு போட்டேன். பேனா தெறித்துப் போய் ஈரத் தரையில் விழுந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு முழுசாத் தெரியுமாடி உனக்கு? பின்னாடி நின்னவ பாதியக் கேட்டுட்டு வந்து போடறியே! இதப் பண்ணித்தான் நான் இங்க வந்து நிக்கறேன். உக்காருங்க எல்லாரும்."

இருபது முப்பது பெண்கள் ஈரத் துண்டோடு பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். ஸெய்னெப் கையைத் தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

"அனார்கான், முதல்லேருந்து வாசி" என்றேன். "சத்தமா வாசி."